பொறுமைக்குப் பிணை யார்?

நம் தேசத்துக் குடியானவனைப் பற்றிய அவதூறுகளில் மிகப் பழையது, அவன் நாளையை நினையாதவன் என்பது. கையில் வந்ததை அன்றே செலவழிப்பான். சற்றுப் பொறுத்தால் அதிகம் கிடைக்குமென்றாலும் பொறுக்கமாட்டான். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கடன் வாங்கிவிட்டுப் பின்னால் கடன் கொடுத்தவனை நோவான் என்று அன்னிய ஆட்சியின் உத்தியோகஸ்தர்கள் தலைமுறை தலைமுறையாக ரிப்போர்ட்டு எழுதிவந்தார்கள். 1875-ஆம் வருஷம் பூனா, ஆமத்நகர் ஜில்லாக்களில் குடியானவர்கள் திரண்டெழுந்து லேவாதேவிக்காரர்களின் கடன் பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். அதை விசாரிக்க நியமிக்கப்பட்ட கமிஷனே, கல்யாணச் செலவுகளுக்கு இவ்விஷயத்தில் அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறதென்று எழுதிவைக்க நேர்ந்தது. மழை பொய்த்த வருஷத்திலும் நிலவரியைக் குறித்த தவணையில் ரொக்கமாகக் கட்டவேண்டுமென்று நிர்ப்பந்தித்தவர்கள், குடியானவன் கடன்காரன் வாசலில் நிற்பதைக் கண்டு அவனுக்குச் சிக்கனத்தை உபதேசித்த விநோதத்தை என்னென்பது!

எழுதியவர்கள் 1947-இல் கப்பலேறிப் போய்விட்டார்கள். எழுதிய வார்த்தை மட்டும் கப்பலேறவில்லை. நம்மவர்களே இப்பொழுது அதைப் பாங்கிக் கூட்டங்களிலும் பொருளாதாரப் பிரசங்கங்களிலும் எடுத்து வழங்குகிறார்கள். ஏழைகளுக்கு நிதியறிவு போதாது, இன்றைய அற்ப லாபத்துக்காக நாளைய பெரிய லாபத்தை விட்டுவிடுகிறார்கள் என்று பேசுவது படித்தவர்களிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. போதாக்குறைக்கு, இந்தப் பேச்சுக்குச் சாஸ்திரத்தின் முத்திரை ஒன்றும் கிடைத்துவிட்டது. முதலில் அந்த முத்திரையைச் சோதித்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த சிறுவர் பள்ளி ஒன்றில், 1960-களின் கடைசியிலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும், வால்டர் மிஷெல் என்ற மனோதத்துவப் பண்டிதர் ஒரு சோதனை நடத்தினார். நான்கைந்து வயதுக் குழந்தையின் முன்னே ஒரு மிட்டாயை வைத்து, ‘இப்பொழுதே வேண்டுமானால் இது ஒன்று, நான் திரும்பி வரும் வரையில் பொறுத்திருந்தால் இரண்டு’ என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவது. சில குழந்தைகள் உடனே தின்றன. சில கண்ணை மூடிக்கொண்டும் பாட்டுப் பாடிக்கொண்டும் காத்திருந்தன. அக்குழந்தைகளில் சிலரைப் பற்றி 1990-இல் வெளியான ஆராய்ச்சியில், அதிக நேரம் பொறுத்திருந்தவர்கள் பிற்காலத்தில் கல்லூரிப் பிரவேசப் பரீட்சையில் அதிக மதிப்பெண் பெற்றதாகக் காணப்பட்டது. அவ்வளவுதான், உலகமெங்கும் உபதேசிகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பொறுத்தவன் வாழ்வான், பொறுக்காதவன் கெடுவான், ஆகவே ஏழை ஏழையாயிருப்பது அவன் குணத்தினால்தான் என்று ஒரு மிட்டாயிலிருந்து சமூக தர்மம் முழுவதையும் கடைந்தெடுத்துவிட்டார்கள்.

ஸ்டான்போர்டில் படித்த குழந்தைகள் பெரும்பாலும் சர்வகலாசாலை ஆசிரியர்கள் முதலியோரின் குழந்தைகள் என்பதை இவர்கள் கவனிக்கவில்லை. பல நிலையிலுள்ள குடும்பங்களின் குழந்தைகள் 900 பேருக்கு மேற்பட்டவர்களை வைத்து 2018-இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் இதே விஷயத்தைப் பரிசீலித்தபோது, பொறுமைக்கும் பிற்காலப் படிப்புக்கும் உள்ள சம்பந்தம் முன்பு சொன்னதில் பாதியாகச் சுருங்கிற்று. வீட்டு நிலைமையையும் தாயின் கல்வியையும் குழந்தையின் இளமைக் கால அறிவு வளர்ச்சியையும் கணக்கில் சேர்த்தபோது அந்தப் பாதியிலும் பெரும்பகுதி மறைந்துபோயிற்று.

இதைவிட நம் கருத்தைக் கவர்ந்தது 2013-இல் ராச்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட சோதனை. இதில் குழந்தைகள் 28 பேர்தான். ஆனால் விஷயத்தின் உயிர்நிலையை இவர்கள் தொட்டுவிட்டார்கள். மிட்டாயைக் காட்டுவதற்கு முன்பே குழந்தைகளுக்கு வேறொரு வாக்குறுதி கொடுக்கப்பட்டது: ‘இந்தப் பழைய வர்ணக் குச்சிகளைத் தொடாமல் கொஞ்சம் பொறுத்திரு, நல்ல புதுச் சாமான்கள் கொண்டுவருகிறேன்’ என்று. பாதிப் பேருக்குச் சொன்னபடி புதுச் சாமான்கள் வந்தன. மற்றப் பாதிப் பேரிடம் ஆள் வெறுங்கையோடு திரும்பிவந்து, ‘மன்னித்துக்கொள், இல்லை’ என்று சொல்லிவிட்டான். இப்படி இரண்டு தடவை நடந்த பிறகுதான் மிட்டாய் வந்தது. வாக்கு நிறைவேறக் கண்ட குழந்தைகள் சராசரி 12 நிமிஷம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்ட குழந்தைகள் சராசரி 3 நிமிஷம். முழுக் கெடுவான 15 நிமிஷமும் பொறுத்தவர்கள் முதல் வகுப்பில் 14 பேரில் 9 பேர். இரண்டாம் வகுப்பில் 14 பேரில் ஒரே ஒருவர். இரு வகுப்பாரின் குணத்திலும் பிறப்பிலும் பேதமில்லை. ஒரு வகுப்பாரிடம் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது, மற்றவரிடம் காப்பாற்றப்படவில்லை, பேதம் அவ்வளவே.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிஷெல் பண்டிதருக்கே இது புதிய செய்தியன்று. ஸ்டான்போர்டுக்கு முன்னர் அவர் டிரினிடாட் தீவில் வேலை செய்தார். அங்கே ஆப்பிரிக்க வம்சத்தாரும், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம் இந்தியரின் சந்ததியாரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு நாளைக் கவலை இல்லையென்று இவர்களும், இவர்களுக்கு இன்று வாழவே தெரியாதென்று அவர்களும் பரஸ்பரம் ஏசிக்கொண்டார்கள். இன்றைக்குச் சிறிய மிட்டாயா, பொறுத்துப் பெரிய மிட்டாயா என்று அவ்விரு வகுப்புக் குழந்தைகளையும் கேட்டு அவர் 1958-இல் வெளியிட்ட முடிவு யோசிக்கத்தக்கது. வீட்டில் தகப்பன் இருக்கிறானா என்பதற்கும் குழந்தையின் பொறுமைக்கும் நெருங்கிய சம்பந்தம் தென்பட்டது. வாக்குக் கொடுக்கும் பெரியவனை நம்பிப் பழகாத குழந்தை எதற்காகக் காத்திருக்கும்? ஜாதி குணம் என்று ஊரார் பேசியதற்குள்ளே நம்பிக்கை என்ற விஷயம் ஒளிந்துகொண்டிருந்தது. இந்த 1958-ஆம் வருஷத்து முடிவை விட்டுவிட்டு மிட்டாயை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது.

குழந்தைகளின் கதை போதும். கரும்புத் தோட்டம் என்ற பேச்சு வந்துவிட்டபடியால், கடல் கடந்த தோட்டத்தை விட்டு நம் ஊர்க் கரும்புக்கே வருவோம். ஏனெனில் இன்றைய பலனா, நாளைய பலனா என்ற கேள்வி கரும்பு விவசாயியைப்போல் வேறு யாரையும் வாட்டுவதில்லை. நட்டது முதல் வெட்டுவது வரையில் பத்துப் பன்னிரண்டு மாதம். வெட்டுவதற்கும் ஆலையின் உத்தரவு வரவேண்டும். வெட்டி ஏற்றிய பிறகும் பணம் ஆலையின் சௌகரியம்போல் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை சம்பளம் வாங்கும் மனிதன் அவன். அந்தச் சம்பளத்துக்கும் தேதி கிடையாது.

விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் செய்த ஆராய்ச்சி ஒன்று 2013-இல் வெளியாயிற்று. அதே விவசாயியை அறுவடைக்கு முன் ஒரு தடவையும் அறுவடைக்குப் பின் ஒரு தடவையும் கண்டு விசாரித்திருக்கிறார்கள். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள்; பின்னால் 4 பேர். முன்னே அநேகமாக எல்லோருக்கும் கடன் இருந்தது. பின்னே நூற்றுக்கு 13 பேருக்கு. புத்தியைச் சோதிக்கும் எளிய பரீட்சைகளை இரு தடவையும் கொடுத்துப் பார்த்ததில், அடகுச் சீட்டு மடியிலிருந்த காலத்தில் தவறுகள் அதிகம். அறுவடை முடிந்து கை நிமிர்ந்த காலத்தில் தவறுகள் குறைவு. மனிதன் அவனே, நிலம் அதே நிலம். ஆலைகள் வெட்டு உத்தரவை மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதால், பருவத்தின் மேல் பழியைப் போடவும் இடமில்லை.

இம்முடிவைப் பண்டிதர் எல்லோரும் ஏற்றுவிடவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் செய்து 2016-இல் வெளியான ஆராய்ச்சியில் புத்தியின் திறமை குறைந்ததாகக் காணப்படவில்லை. ஆனால் சம்பளத்துக்கு முந்திய நாட்களில் ஜனங்கள் உடனே கிடைக்கும் பணத்தின் பக்கம் அதிகமாகச் சாய்ந்தார்கள் என்பது அதிலும் தென்பட்டது. நமக்கு அதுவே போதும்.

இப்பொழுது ஒரு கணக்குப் பார்ப்போம். நேயர்கள் தயவுசெய்து பென்சிலை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு விவசாயிக்கு ஆலையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரவேண்டியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து வருமென்று வைத்துக்கொள்வோம். வெல்லம் காய்ச்சுகிறவர் ஒருவர் வந்து அதே கரும்புக்கு 90,000 ரூபாய் இன்றே ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். மேஜைக்குப் பின்னாலிருக்கும் உபதேசி, ஆறு மாதம் பொறுக்காமல் 10,000 ரூபாயை இழக்கிறானே மூடன் என்பார். அந்த விவசாயிக்கு நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் கடன் இருக்கிறது. 90,000 ரூபாயை இன்றே கடனில் கட்டினால் மாதம் 2,700 ரூபாய் வட்டி மிச்சம். ஆறு மாதத்தில் 16,200. ஆகவே இன்றைய 90,000 அவனுக்கு ஆறு மாதம் கழித்து 1,06,200-க்குச் சமானம். ஒரு லட்சத்துக்காகக் காத்திருந்தால் 6,200 ரூபாய் நஷ்டம். மூடன் யார்?

கணக்கு இன்னும் முடியவில்லை. மத்திய சர்க்கார் 1966-இல் பிறப்பித்த கரும்புக் கட்டுப்பாட்டுக் கட்டளையின்படி, கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் தாமதித்த காலத்துக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 15 வீதம் வட்டி சேர்த்துக் கொடுக்கவேண்டும். முதல் 14 நாட்களைக் கழித்தாலும் மேற்சொன்ன ஒரு லட்சத்துக்குச் சுமார் 6,800 ரூபாய் வட்டியாகிறது. அசலும் வட்டியுமாக 1,06,800 ரூபாய் நிச்சயமாக வருமென்றால், வெல்லக்காரரின் ரொக்கத்தைவிட ஆலையின் சீட்டே 600 ரூபாய் மேலானது! அதே விவசாயி, அதே கடனோடு, காத்திருப்பதையே தேர்ந்துகொள்வான். அவனுடைய பொறுமையும் பொறுமையின்மையும், சட்டத்தில் எழுதிய அந்த வட்டி கைக்கு வருமா வராதா என்ற ஒரே சந்தேகத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கட்டளையில் ஒரு விலக்கும் இருக்கிறது. இரு தரப்பாரும் எழுத்து மூலம் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் 14 நாள் கெடு பொருந்தாது. இது எவ்வளவு அகலமான வாசல் என்பதை வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. வட்டி வரவில்லையென்று வியாஜ்யம் தொடுக்கப் போகிறவன் கோர்ட்டு வாசலில் இன்னுமொரு காத்திருப்பைத் தொடங்கவேண்டும்.

அவசரம் என்பதே மனித சுபாவத்தில் இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. இன்றைக்கு நூறு ரூபாயா நாளைக்கு நூற்றுப்பத்தா என்று கேட்டால் இன்றைய நூறை எடுப்பவர்களில் பலர், முப்பதாம் நாள் நூறா முப்பத்தோராம் நாள் நூற்றுப்பத்தா என்று கேட்டால் ஒரு நாள் பொறுக்கச் சம்மதிப்பார்கள். இரண்டு கேள்விக்கும் இடையே உள்ள தூரம் ஒரே நாள்தான். ‘இன்று’ என்ற சொல்லுக்கு அப்படியொரு மயக்கம். ஆனால் இந்தப் பலவீனம் ஏழையின் தனிச்சொத்தன்று. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்தில் ஆட்குறைப்புச் செய்தபோது, விலகுகிறவர்கள் ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது வருஷா வருஷம் வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு வழி காட்டினார்கள். வருஷா வருஷம் வாங்குவதே, நூற்றுக்கு 17-க்கு மேற்பட்ட வட்டிக்குச் சமானமான லாபம். கொடுப்பது அமெரிக்க சர்க்கார், வராமற்போகுமென்ற பயமில்லை. அப்படியிருந்தும் அதிகாரிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களும், சாதாரணச் சிப்பாய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களும் ஒரே தொகையையே வாங்கிச் சென்றார்கள். அச்சர்க்காருக்கு இதனால் மிச்சமானது 170 கோடி டாலர் என்று 2001-இல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. அமெரிக்க ஜாதியே நாளையை நினையாத ஜாதி என்று யாராவது ரிப்போர்ட்டு எழுதினார்களா? அவ்வளவு தூரம் போவானேன்? நம் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஓய்வுபெறும்போது பென்ஷனில் நூற்றுக்கு 40 பங்கு வரையில் முன்னதாகவே மொத்தமாக வாங்கிக்கொண்டு, 15 வருஷம் குறைந்த பென்ஷன் பெறச் சம்மதிக்கலாம். மகளின் கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ அவர்கள் அப்படிச் செய்தால் அதற்குப் பெயர் முன்யோசனை. குடியானவன் செய்தால் ஊதாரித்தனம்!

உண்மையில் நம் ஜனங்கள் காத்திருக்கத் தெரியாதவர்கள் அல்லர். சில சமயங்களில் அளவுக்கு மீறியே காத்திருந்திருக்கிறார்கள். இருபது பேர் சேர்ந்து சீட்டுப் பிடிக்கும் தெருவில், கடைசிச் சீட்டு எடுப்பவள் இருபது மாதம் காத்திருக்கிறாள். அண்டை வீட்டுக்காரி ஓடிப்போக மாட்டாள் என்ற நம்பிக்கைதான் அவளுக்குப் பத்திரம். 1882-இல் தபாலாபீஸ் சேமிப்புப் பாங்கி ஏற்பட்டதிலிருந்து, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் அங்கே கைநாட்டு வைத்துக் காசு போட்டுவந்தது, கேட்டபோது அது திரும்பி வந்ததனால்தான். ஆயுள் இன்ஷூரன்ஸைப்போல் நெடுங்காலப் பொறுமையைக் கோரும் வியாபாரம் வேறில்லை. 1956-இல் அது தேசியமாக்கப்பட்டுச் சர்க்காரின் உத்தரவாதம் சட்டத்திலேயே எழுதப்பட்ட பிறகு, கிராமத்து உபாத்தியாயர் முதல் ரெயில்வேத் தொழிலாளி வரையில் பாலிசி எடுத்தார்கள்.

இதற்கு நேர் மாறான அனுபவமும் நமக்குண்டு. 1990-களில் தேக்குமரத் தோட்டமென்றும், நிதி கம்பெனியென்றும் பெயர் வைத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் நம் நாட்டு நடுத்தர ஜனங்களிடம் என்ன கேட்டார்கள்? பொறுமையைத்தான் கேட்டார்கள். இன்று ஒரு கன்றுக்குப் பணம் போடு, இருபது வருஷம் பொறு, மரம் உன்னை லட்சாதிபதியாக்கும் என்றார்கள். ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களும் விதவைகளும் பொறுத்தார்கள். கம்பெனிகள் கவிழ்ந்தன. டெபாஸிட் போட்டவர்களின் நலனைக் காப்பதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டமே 1997-இல் இயற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளை பணத்தை எங்கும் போடாமல் பொன்னாக வாங்கிப் பெட்டியில் பூட்டுகிறானென்றால், ராச்செஸ்டரில் வெறுங்கையைக் கண்ட குழந்தையின் ஸ்தானத்தில் அவன் நிற்கிறானென்று அர்த்தம். அவனுக்கு நிதியறிவு வகுப்பு நடத்திப் பயனென்ன?

பொறுமையை உபதேசிக்கும் சர்க்கார்கள் தாமே எவ்வளவு பொறுமைசாலிகள் என்பதையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டியிருக்கிறது. 2003 முதல் சாராயச் சில்லறை வியாபாரத்தைத் தமிழ்நாட்டுச் சர்க்காரே ஏற்று நடத்திவருகிறது. மாலையில் எண்ணி வைக்கும் அந்த ரொக்கத்துக்கு எதிரே, குடியினால் கெடும் உடம்பும் குடும்பமும் நாளைய செலவுக் கணக்கில் எழுதப்படுகின்றன. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. இன்றைய பலனுக்காக நாளையை விற்பது குற்றமென்றால், முதல் பிரதிவாதி யாரென்று நாம் சொல்ல வேண்டுமா?

நிதியறிவைப் பரப்பும் கனவான்கள் தங்கள் பலகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் கிராமச் சாவடியிலிருந்து எடுத்துச் சர்க்கரை ஆலைகளின் வாசலுக்குக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு ஆலையின் வாசலிலும் ஒரு பலகை மாட்டி, எந்தத் தேதியில் வந்த கரும்புக்கு எந்தத் தேதியில் பணம் கொடுக்கப்பட்டது, 14 நாளுக்கு மேற்பட்ட தாமதத்துக்கு வட்டி எவ்வளவு, அது கொடுக்கப்பட்டதா இல்லையா என்று வாரா வாரம் எழுதச் செய்யவேண்டும். விவசாயி கேட்காமலே வட்டி அசலோடு சேர்ந்து அவன் பாங்கிக் கணக்கில் ஏறவேண்டும். கெடுவை நீட்டி எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள் இருந்தால், அவற்றையும் அதே பலகையில் ஒட்டட்டும். எத்தனை விவசாயிகள் மனமறிந்து கையெழுத்திட்டார்கள் என்பதை ஊர் பார்க்கட்டும். இதற்கெல்லாம் சட்டசபை கூட வேண்டியதில்லை. கரும்புப் பாக்கியை நிலவரிப் பாக்கியைப்போலவே கலெக்டர் வசூலிக்கலாம் என்று 1966-ஆம் வருஷத்துக் கட்டளையிலேயே கண்டிருக்கிறது. குடியானவனிடம் நிலவரி வசூலிக்க எந்தக் கலெக்டரும் ஆறு மாதம் தயங்கியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.